பெட்டியைக் கூப்பிட்ட வீடு

அத்தியாயம் 9

போன வாரம் எதிர்வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. பார்த்தவர்கள் நேராக வெள்ளிக்கிழமை காலைக்கு வந்துவிடலாம்; அங்கே நான் ஏற்கெனவே நிற்கிறேன்.

எதிர்வீடு தாண்டவராயன் வீடு. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், எங்கள் தெரு திரும்புகிற முனை. சாமியானா, நாற்காலி, அண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கூடவே ஓர் ஐஸ் பெட்டி. சாவு வீட்டில் பிணத்தைக் கிடத்தி வைப்பார்களே, கண்ணாடி மூடி போட்டது, அதுதான். பதினோரு வருஷமாகத் தகரக் கொட்டகையில் தெருவைப் பார்த்தபடி நிற்கிறது.

அவர் மகள் இளவரசிக்கு இருபத்தெட்டு வயசு. உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை. இரண்டு வரன் பெண் பார்க்க வந்து, கொட்டகையைப் பார்த்த மாத்திரத்தில் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாவது வரன் சாலவாக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். இது அவளுக்கே பிடித்துப்போன வரன். அவள் மாடியில் நெட்வொர்க் கிடைக்கிற மூலையில் நின்று அவனோடு போனில் பேசுகிறாள். நான் துணி காயப்போடப் போனபோது காதில் விழுந்தது. தினமும் எனக்குத் துணி இருக்கிறது.

பையனின் அம்மா தரகரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள். "நாங்க வர்ற நாளுக்கு அந்தப் பொட்டி அங்க இருக்கக் கூடாது."

ஓரமாகத் தள்ளி வைத்தால் முடிந்தது என்பீர்கள். தாண்டவராயனைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"பொட்டி கூப்புட்ட வூட்டுக்குத்தான் போவும்" என்றுவிட்டார் அவர். "சும்மா கொண்டுபோய் எங்கியும் நிறுத்த மாட்டேன். சும்மா நிறுத்துன எடத்துல அது சும்மா இருக்காது."

காயலான் கடைக்காரன் வந்து பார்த்தான். தாண்டவராயன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இதுல இருநூத்திப் பதினாலு பேரு படுத்திருக்காங்க. பேரு ஒவ்வொண்ணும் தெரியும். இத்த ஒடைக்கறதுன்னா என்னை ஒடைச்சிட்டு ஒடை." அவன் பழைய பேப்பரை மட்டும் எடைபோட்டுக்கொண்டு போனான்.

பிறகு அவர் மனைவி சுலோச்சனா என்னிடம் வந்தாள். "ரெண்டே நாளு, பரிமளா. உன் வூட்டு நடையில ஓரமா இருக்கட்டும். நீ கூப்புட்டேன்னா அவரு அனுப்புவாரு."

"வேற இன்னா ஒதவி வேணாலும் கேளு சுலோச்சனா" என்றேன். எனக்குப் பாசம் உண்டு. பாசத்தை வைக்கிற இடம் வேறு, ஐஸ் பெட்டியை வைக்கிற இடம் வேறு.

அன்றைக்குச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பச்சமுத்து, "வெச்சிருந்தா இன்னா" என்றார். வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர். அதில் இரண்டை இதற்குப் போய்ச் செலவழிக்கிறாரே என்று நினைத்தேன். ரசம் ஊற்றினேன். அவ்வளவுதான்.

கடைசியில் இளவரசி போனில் ஏலம் விட்டாள். பழைய பொருள் ஏலம் போடுகிற ஆப். போட்டோவோடு உண்மையை உண்மையாகவே எழுதினாள்: மூடியின் இடது ஓரத்தில் கீறல், சக்கரம் நன்றாக உருளும், பேட்டரி செத்து இரண்டு வருஷம், கரண்டில் மட்டும் ஓடும்.

ஏலம் எப்படிப் போகிறதென்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க, நானும் அதை என் போனில் போட்டுக்கொண்டேன். ஓ.டி.பி. என் நம்பருக்கு வராமல் அடம்பிடித்தது. என் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்தால் ஏலம் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு தட்டு தட்டினேன். சும்மா. விலை ஏறட்டுமே, பெண்ணுக்கு நல்லதுதானே என்று. பத்து நிமிஷத்தில் யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள், அவரை இன்னொருவர் தாண்டினார். நான் நிம்மதியாகச் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

ஜெயித்தவர் தாமல்காரர். மூன்று நாளாகப் பணம் கட்டவில்லை. இனி வெள்ளிக்கிழமை.

*

கத்திரி வெயில் காலை ஒன்பதுக்கே முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது. விசிறி சுற்றாத வீட்டில் எனக்கென்ன வேலை? முறத்தில் முருங்கைக் கீரையை அள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கீரையை எங்கே உட்கார்ந்தும் ஆயலாம்.

இளவரசி லீவு போட்டிருந்தாள். கையில் ஈரத் துணியோடு கொட்டகையில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"போவ மாட்டேங்குதா?" என்றேன்.

"பனி மாரி புடிச்சிக்கினு கீது அத்தே."

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடி மூடியில், தலை வைக்கிற பக்கம், ஒரு கையகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. யாரோ வாயைக் குவித்து ஊதியது போல. அவள் துணியை அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது.

"நுங்கு வெச்சிருப்பாரு உங்கப்பா" என்றேன். வெயில் காலத்தில் அவர் பெட்டியை ஓடவிட்டு நுங்கு குளிரவைப்பது எங்கள் தெரு ரகசியம். இவரும் தாண்டவராயனும் மத்தியானத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்பார்கள். விவரம் தெரியாமல் நானும் நாலு தின்றிருக்கிறேன், தெரிந்தபிறகு இரண்டு.

"ஒயரைப் புடுங்கி நாலு நாளாச்சி" என்றாள் இளவரசி. "கரண்டும் இல்ல."

தகரத்தின் மேலே வெயில் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூத்த இடம் மெல்லச் சுருங்கியது. பிறகு மெல்லப் பெரிதானது.

நான் கீரையோடு வீட்டுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

*

ஒன்பதேகாலுக்கு அவள் தாமல்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான்தான்.

"வசந்த்குமார் சாருங்களா? ஐஸ் பொட்டி ஏலத்துல எடுத்தீங்களே. பணம் கட்டற டைம் ஒம்போதோட முடிஞ்சிபோச்சி சார். மூணு மெசேஜ் போட்டேன்."

"பாத்தேம்மா."

"பாத்துட்டு சும்மா இருந்தா எப்டி சார்? வேணாம்னாவது சொல்லணும்ல. எனக்கு எவ்ளோ பேஜார் தெரியுமா?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி போல யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

"எங்கப்பாவ காஞ்சிபுரத்துல சேத்துக்கீறோம்மா. சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லிடுங்கன்னுட்டாரு டாக்டரு. இந்த வெயில்ல பொட்டிக்கு அலைய முடியாதேன்னுதான் ஏலம் கேட்டேன்."

"சரி சார்..."

"பணம் கட்டலாம்னு பட்டன்மேல வெரல வெச்சேன். அமுக்கினா நானே அவருக்கு நாள் குறிச்ச மாரி ஆயிடும். அவரு இன்னும் மூச்சு வுட்டுக்கினு கீறாரும்மா. உங்கப்பாவுக்கா இருந்தா நீ அமுக்குவியா?"

இளவரசி கொட்டகைப் பக்கம் பார்த்தாள். தாண்டவராயன் சாமியானாத் துணியை மடித்துக்கொண்டு நின்றார். போனை வைத்தாள்.

ஆப்பில், பணம் கட்டாதவரைப் புகார் செய்ய ஒரு பக்கம் இருக்கிறது. காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும்: மனம் மாறிவிட்டார், பதில் இல்லை, முகவரி தவறு. அப்பா இன்னும் சாகவில்லை என்ற காரணத்தை அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அவள் புகாரை மூடினாள். 'அடுத்தவருக்குக் கொடு' என்பதை அழுத்தினாள். அவசரம் என்று குறித்தாள்.

"நைனா, நீயாவது சொல்லேன்" என்று அப்பாவிடம் திரும்பினாள். "காலம் பூரா முன்பணம் வாங்காம வாங்காம ஊரையே கெடுத்து வெச்சிக்கீறே. உலகத்துல எந்த சாமானுக்கும் காசு குடுத்துட்டுத்தான் எடுத்துக்கினு போறாங்க."

"சாமானுக்கு."

"இது இன்னாவாம்?"

தாண்டவராயன் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "ஒருக்கா வாங்கினேன் கண்ணு. ஒரே ஒருக்கா."

எனக்குத் தெரியாத கதை. கீரையைக் கீழே வைத்தேன்.

"ஏழு வருசம் இருக்கும். இதே மாரி வெயிலு, பதினோரு மணி. வெள்ளச் சட்ட போட்ட ஆளு, சைக்கிள்ல வந்தாரு. நாளைக்கி பொட்டி வேணும்னு அட்ரஸ் சொன்னாரு. முழுப் பணத்தையும் எண்ணி வெச்சாரு. அப்புறம் வாங்கிக்கறேன்னேன், கேக்கல. உள்ள லைட் எரியுமான்னாரு. எரியும்னேன். அணைச்சி வெச்சிடு, வெளிச்சம் இருந்தா எனக்குத் தூக்கம் வராதுன்னாரு."

"எனக்குன்னா சொன்னாரு?" என்றேன்.

"அப்ப எனக்கு அது ஒறைக்கல. மறுநாளு கொண்டுபோனா, நடு வூட்டுல அவரே படுத்துக்கினு கீறாரு. அதே வெள்ளச் சட்ட. பணம் கட்டினது அந்த வூட்ல யாருக்கும் தெரியல. லைட்டை அணைச்சி வெச்சேன். ஏன்யா அணைக்கறேன்னு எல்லாரும் சண்டைக்கி வந்தாங்க."

அவர் மடித்த துணியைப் பெட்டியின் மேல் வைக்கப்போய், வைக்காமல் நாற்காலியில் வைத்தார்.

"முன்னாடியே கட்றவன், தெரிஞ்சிக்கினுதான் கட்றான். அதான் நான் வாங்கறதில்ல."

*

இரண்டாவது ஆள் மதுராந்தகம் பக்கம் வாடகைக் கடை வைத்திருக்கும் மலர்க்கொடி. தொழில்காரி. பத்தேகாலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, ஐஸ் பொட்டிக்கி முன்னாடி காசு கேக்கறே? புதுசா தொழிலுக்கு?"

"அக்கா, காசே அப்புறம் குடுங்க" என்றாள் இளவரசி. "எங்க நைனாவ கூப்புட்டு ஒரு வார்த்த கேளுங்க, போதும். இன்னிக்கே வண்டியேத்தி அனுப்பறேன்."

"வெள்ளிக்கெழமையா? வெளையாடறியா? நாளைக்கி சனி, அது கேக்கவே வேணாம். ஞாயிறு எனக்கு முகூர்த்த ஆர்டர் கீது. திங்கக்கெழம பாக்கலாம்."

"ஞாயித்துக்கெழம காலைக்குள்ள போயே ஆவணும்க்கா."

"ஏன், அப்புறம் பொட்டி எழுந்து நடக்குமா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

சுலோச்சனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஊறவைக்க எடுத்த பருப்பை டப்பாவில் திரும்பக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

இளவரசி அழவில்லை. "இந்த தபா போச்சின்னா நான் யாரையும் வரச் சொல்ல மாட்டேன் அத்தே" என்றாள். என்னிடம் சொல்வதாகத் தெரியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் ஆளுங்க இருப்பாங்கடி. அடுத்தவனைப் பாரு."

"மொத்தம் ஏலத்துல தட்டினதே மூணு பேருதான். இன்னும் ஒரே ஆளுதான் பாக்கி."

கீரைக் காம்பு என் விரலில் குத்தியது.

மூன்று பேர். தாமல் ஒன்று, மதுராந்தகம் ஒன்று.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஊரில் யாருடைய வாய்க்கும் வேலை வைக்காத வாய் என்னுடையது. அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. ரெண்டு நாள் வைக்க மாட்டேன் என்றவள், விலைக்கே கேட்டிருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"பேரு வராதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பணம் கட்டினாத்தான் பேரு, அட்ரஸ் எல்லாம் தெரியும். இப்ப நம்பர்தான். பன்னெண்டு வரைக்கும் டைம் குடுக்கறேன்."

அவள் அழுத்தினாள். என் மடியில் இருந்த போன் முணுக்கென்றுகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: நம்பர் இவருடையது. பணம் கட்டச் சொல்கிற செய்தி இவர் போனுக்குப் போயிருக்கும்.

நல்லவேளை என்று மூச்சு விட்டேன். இவர் போனைப் பார்க்கிற ஆளா? சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடித்தால் என்னிடம் நீட்டுகிறவர். அதுவும் ஒரு மாதமாக மனிதர் எதிலுமே இல்லை. இரண்டு தரம் செங்கல்பட்டு போய்வந்தார். எதற்கு என்றால் பட்டா வேலை என்றார். பட்டா வேலைக்குச் செங்கல்பட்டு ஏன் என்று கேட்டிருக்கலாம். அந்த வாரம் தெருக்கோடி வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை, எனக்கு நேரமில்லை.

*

பதினொன்றரை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் வெயிலுக்கு ஒரு சத்தம் உண்டு. அது மட்டும் காதில் ரீங்கரித்தது.

பதினொன்று நாற்பதுக்கு இளவரசியின் போன் பெண் குரலில் அறிவித்தது: பணம் பெறப்பட்டது.

மூவரும் போனைப் பார்த்தோம். முழுப் பணம். ஒரு ரூபாய் குறையவில்லை.

"கட்டிட்டாங்க!" இளவரசி துள்ளி எழுந்தாள். "நைனா, கட்டிட்டாங்க நைனா! அம்மா, பருப்ப ஊறப் போடு!"

தாண்டவராயன் துள்ளவில்லை. "முன்னாடியேவா?" என்றார். "முழுசாவா?"

"ஆமா."

அவர் மெதுவாக நாற்காலியில், மடித்த சாமியானாத் துணியின் மேலேயே உட்கார்ந்தார். "எந்த வூடுன்னு பாரு."

அவள் சிரித்த முகத்தோடு படிக்க ஆரம்பித்தாள். ஊர் பெயரை வாசித்தாள். தெருப் பெயரை வாசிக்கும்போது சிரிப்பு பாதியாயிற்று. கதவு எண்ணை வாசிக்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அத்தே, இது உங்க வூடு."

எதிரே எங்கள் கேட் கிறீச்சிட்டது. இவர் வெளியே வந்து நின்றார். இந்த வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டை போடாதே வேர்க்கும் என்றால்கூடக் கேட்காத மனிதர்தான், தினமும் போடுகிற சட்டைதான். ஆனாலும் எனக்கு அது அன்றைக்குத்தான் வெள்ளையாகத் தெரிந்தது.

"தாண்டவராயா" என்று கூப்பிட்டார். "கொண்டாந்து எறக்கு."

தாண்டவராயன் எழுந்து சக்கரத்தின் கட்டையை எடுத்தார்.

சுலோச்சனா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "அன்னிக்கி மாட்டேன்னுட்டு, இன்னிக்கி காசு குடுத்து வாங்கிக்கீறியேடி. என் பொண்ணுக்கு நீ தெய்வம். ஞாயித்துக்கெழம மொத ஆளா நீதான் வரணும்."

நான் தலையாட்டினேன்.

பெட்டி தெருவைக் கடந்தது. நடுத்தெருவில் நிழலே இல்லை. சக்கரம் மட்டும் சிமெண்டில் தடதடத்தது. கொட்டகையில் அது நின்ற இடம் பதினோரு வருஷமாக வெயில் படாமல் ஈரக் கறுப்பாக, ஆள் நீளத்துக்குக் கிடந்தது. சுலோச்சனா அதில் சாணி தெளிக்க ஆரம்பித்துவிட்டாள்.

*

பெட்டிக்கு முன்னால் ஓடி வீட்டுக்குள் போனேன்.

கூடத்தில் கட்டில் சுவரோரம் தள்ளியிருந்தது. டி.வி. ஸ்டாண்டு மூலைக்குப் போயிருந்தது. நடுவில் இடம் கூட்டிப் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்துக்கூட இருந்தது. பணம் கட்டிய பிறகு செய்த வேலை இல்லை, நான் கீரையோடு கிளம்பியதுமே செய்த வேலை இது; தரை நன்றாகக் காய்ந்திருந்தது.

அலமாரி மேலே ஒரு மஞ்சள் நிறப் பெரிய கவர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி முத்திரை. இத்தனை நாள் என் கண்ணில் படாத கவர்.

"இன்னாய்யா காரியம் பண்ணிக்கீறே?" என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தது, மெதுவாகத்தான் வந்தது.

"பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதில்ல."

"அதுக்கா கட்டினே?"

"அதுக்கும்தாம்மே."

கவரை எடுக்கக் கை நீட்டினேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கை சில்லென்றிருந்தது. "அது அப்புறம். மொதல்ல பொட்டி வரட்டும்."

ஊரில் ஒவ்வொருவர் வீட்டிலும் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தாண்டவராயன் பெட்டியை வாசல்படி ஏற்றி, கூடத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். இடம் அளவெடுத்தது போல் பொருந்தியது. இவர் குனிந்து ஒயரை எடுத்து, தானே சுவர் பிளக்கில் செருகினார்.

"உள்ள லைட் எரியும்ல?"

தாண்டவராயன் என்னைப் பார்த்தார். "எரியும். அணைச்சிடட்டுமா?" என்றார்.

"வாணாம், எரியட்டும். இருட்டுல எனக்குத் தூக்கம் வராது. இவளைக் கேளு."

உண்மைதான். முப்பது வருஷமாக அந்தச் சின்ன பல்பை அணைக்கச் சொல்லி நான் இவரோடு சண்டை போடுகிறேன்.

கண்ணாடி மூடிக்குள் விளக்கு இரண்டு தரம் துடித்து, நின்று எரிந்தது. நீல வெளிச்சம். இவர் முகம் அதில் தெரிந்தது.

நான் தலையைத் தூக்கி விசிறியைப் பார்த்தேன். ஸ்விட்ச் போட்டபடிதான் இருந்தது. அது சுற்றவில்லை.